கிளார்க்ஸ்டேலின் கிங்ஃபிஷ்: ஒரு ப்ளூஸ்-ராக் கிதார் கலைஞர் உருவாகும் விதம்

இருபத்து மூன்று வயதில் கிராமி விருது பெற்ற ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘பிறவி மேதை’ என்ற சொல் தானாகவே வந்து விழுந்துவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டோன் இங்ரம் என்ற கிதார் கலைஞரைப் பற்றியும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘கிங்ஃபிஷ்’ என்ற பட்டப்பெயரால் அறியப்படும் இவர் 1999 ஜனவரி 19 அன்று பிறந்தவர். இருபது வயதில் முதல் ஆல்பம், அடுத்த மூன்றாண்டுகளில் கிராமி என்று வரிசையாகச் சொன்னால், கேட்பவருக்கு மேதைமை என்ற விளக்கமே போதுமானதாகத் தோன்றும். ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்கு ப்ளூஸ் கற்றுத்தர ஓர் அருங்காட்சியகம், கற்றதை வாசித்துப் பார்க்க நடந்து போகும் தூரத்தில் சிறு மேடைகள், திருத்துவதற்கு அந்த இசையிலேயே வாழ்ந்த மூத்தவர்கள் ஆகிய மூன்றும் அவர் ஊரில் இருந்தன. ப்ளூஸ்-ராக் என்பது எத்தகைய இசை, அதை ஒரு பிள்ளை எவ்வாறு கற்றுக்கொள்கிறது, கற்றவர் எவ்வாறு மேலே வருகிறார் என்பவற்றை, மேலையிசையில் முன்பழக்கம் இல்லாத வாசகருக்காக, இவருடைய வளர்ச்சியை வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ப்ளூஸ்: மூன்று கார்டுகளும் ஓர் உரையாடலும்

முதலில் இசையைப் பார்த்துவிடலாம். மிசிசிப்பி, யாஸூ ஆகிய இரு ஆறுகளுக்கு நடுவில் உள்ள வண்டல் சமவெளியை ‘டெல்டா’ என்கிறார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் அங்கிருந்த கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வெள்ளையரின் பருத்தி நிலங்களில் வாரத்துக்குப் பயிரிட்டு, ஆண்டு முடிவில் கடனாளியாகவே நின்றார்கள். அவர்கள் வயலில் குரல் எடுத்துப் பாடிய வேலைப் பாடல்கள், தேவாலயப் பாடல்கள், நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் ஆகியவற்றிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ப்ளூஸ் உருவாயிற்று. இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி, 1903 வாக்கில் டட்வைலர் என்ற ஊரின் ரயில் நிலையத்தில், கிதார்க் கம்பிகளின் மேல் கத்தியை அழுத்தி இழுத்து ஒருவர் வாசித்ததைக் கேட்டதாகப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். டட்வைலருக்கு அருகில் உள்ள ஊர்தான் கிங்ஃபிஷ் பிறந்த கிளார்க்ஸ்டேல்.

ப்ளூஸின் எலும்புக்கூட்டைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுப்பை ‘கார்ட்’ என்றும், பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்றை ‘பார்’ என்றும் அழைப்பார்கள். பன்னிரண்டு பார்கள் சேர்ந்தது ஒரு முழுச் சுற்று. அதில் ஷட்ஜத்தை அடியாகக் கொண்ட கார்ட் நான்கு பார்களுக்கு ஒலிக்கும். பிறகு மத்யமத்தை அடியாகக் கொண்டது இரண்டு பார், மறுபடி ஷட்ஜத்துக்குத் திரும்பி இரண்டு பார். அடுத்துப் பஞ்சமத்தில் ஒன்று, மத்யமத்தில் ஒன்று. கடைசி இரண்டு பார்களில் ஷட்ஜத்துக்கு வந்து, அடுத்த சுற்றுக்கான திருப்பத்தோடு முடியும். ஆயிரக்கணக்கான பாடல்கள் இந்த ஒரே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. முன்பின் அறிமுகமில்லாத ஐந்து கலைஞர்கள் ஒரு மேடையில் ஏறி, சுருதியை மட்டும் சொல்லிக்கொண்டு, ஒத்திகையே இல்லாமல் அரைமணி நேரம் வாசிக்க முடிவதும் இந்த அச்சினால்தான்.

இதன்மேல் அமரும் பாட்டும் எளிமையானதே. முதல் வரியைப் பாடுவார்கள், அதையே இன்னொரு முறை பாடுவார்கள், மூன்றாவதாக அதற்கு விடைபோன்ற ஒரு வரியைப் பாடி முடிப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார்கள் உண்டு. ஆனால் பாடகர் அவற்றில் ஏறத்தாழ இரண்டை மட்டுமே பயன்படுத்துகிறார். மிச்சமுள்ள இரண்டு பார்கள் கிதாருக்கு உரியவை. குரல் ஒன்றைச் சொல்ல, கிதார் அதற்கு மறுமொழி தருகிறது. போதகர் ஒரு சொற்றொடரைச் சொல்ல, சபை முழுவதும் அதற்குக் குரல் கொடுக்கும் கறுப்பினத் தேவாலய மரபிலும் இதே முறையைக் காணலாம். புகழ்பெற்ற ப்ளூஸ் கலைஞர் பி. பி. கிங் பாடும்போது கிதார் வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். இரண்டும் ஒருவரே இருவராகிப் பேசுவதுபோல் மாறிமாறி ஒலிக்கும். ப்ளூஸ் கிதாரைக் கேட்கத் தொடங்கும் ஒருவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த உரையாடலைத்தான். விரல்களின் வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி சுரங்கள். ப்ளூஸ் கிதார் கலைஞர்கள் பெரும்பாலும் ஐந்து சுரங்கள் கொண்ட ஒரு வரிசையைக் கையாள்கிறார்கள்: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். நம் வாசகர்கள் இதைச் சுத்த தன்யாசியின் சுரங்கள் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வரிசை ஒன்றாக இருப்பதால் இசையும் ஒன்றாகிவிடாது. பின்னணியில் ஒலிக்கும் கார்டில் அந்தர காந்தாரம் இருக்கும், மேலே கிதார் சாதாரண காந்தாரத்தை வாசிக்கும். இலக்கணப்படி ஒன்றோடொன்று மோத வேண்டிய அந்த இரண்டும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் ப்ளூஸின் ருசி பிறக்கிறது. நல்ல கலைஞர் அந்த இரண்டுக்கும் நடுவில், கிதாரின் எந்தக் கட்டையிலும் இல்லாத ஓரிடத்தைத் தேடிப் போவார்.

கட்டை இல்லாத இடத்துக்கு எப்படிப் போவது? கம்பியை அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளி வளைப்பதன் மூலம். மோதிர விரல் கம்பியை அழுத்தியிருக்க, அதற்குப் பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் முட்டுக்கொடுக்கும். பெருவிரல் கழுத்தின் மேல்விளிம்பைப் பற்றிக்கொள்ளும். மணிக்கட்டு திரும்ப, கம்பி மேல்நோக்கி நகர்ந்து இறுக, சுரம் வழுக்கிக்கொண்டு உயரும். எவ்வளவு தள்ளினால் சரியான சுரம் வரும் என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதும் இல்லை. காதுதான் நிறுத்தச் சொல்ல வேண்டும். கமகம் கேட்டுப் பழகியவருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்: சுரத்தைத் தொடுவதைவிட, அதற்கு எந்த வழியாக வந்து சேர்கிறோம் என்பதில்தான் வித்தை இருக்கிறது. ஏட்டைப் பார்த்து இதைக் கற்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் அமர்ந்து கேட்டு, வாசித்து, ‘இன்னும் கொஞ்சம் குறை’ என்று ஒருவர் சொல்லத் திருத்திக்கொள்வதே வழி. இந்த இசைக்கு ஆசிரியர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கான காரணமும் இதுவே.

‘ராக்’ என்ற ஒட்டு எங்கிருந்து வந்தது

கிளார்க்ஸ்டேலுக்குச் சில மைல் தொலைவில் ஸ்டோவல் என்ற பருத்திப் பண்ணை இருந்தது. மட்டி வாட்டர்ஸ் என்று உலகம் பின்னாளில் அறிந்த மக்கின்லி மார்கன்ஃபீல்ட், அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டும் வார இறுதிகளில் கிதார் வாசித்துக்கொண்டும் இருந்தார். 1941இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்புற இசையைப் பதிவு செய்ய வந்த ஆலன் லோமாக்ஸ் குழுவினர் அவருடைய குடிசையிலேயே அவரைப் பதிவு செய்தனர். தன் குரலை இசைத்தட்டில் கேட்ட பிறகுதான் தன்னாலும் இது முடியும் என்ற துணிவு வந்ததாக அவர் பிற்பாடு கூறினார். 1943இல் அவர் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அடுத்த ஆண்டு அதே கிளார்க்ஸ்டேலுக்கு அருகில் ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் வெற்றிகரமாகச் செயல்பட்டுக் காட்டப்பட்டன. கைவேலைக்கான தேவை சரியத் தொடங்கியது. 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ அறுபது லட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்தார்கள். ப்ளூஸும் அவர்களோடு போயிற்று.

சிகாகோவின் மதுக்கூடங்களில் இரைச்சல் அதிகம். மரக்கிதாரின் ஒலி யார் காதிலும் விழவில்லை. எனவே மட்டி வாட்டர்ஸ் மின்கிதாருக்கு மாறினார். அந்நாளைய ஆம்ப்ளிஃபயர்களில் பழைய ரேடியோக்களில் இருந்ததைப் போன்ற வால்வுகள் இருந்தன. அவற்றின் தாங்குதிறனுக்கு மேல் ஒலியைக் கூட்டும்போது ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, ஒலி கரகரப்பாகவும் தடிமனாகவும் மாறும். ஒரு சுரம் உடனே மடிந்துவிடாமல் நீண்டு நிற்கும். கருவி செய்தவர்கள் இதைக் குறையாகத்தான் கருதினார்கள். கலைஞர்களோ அதைக் குணமாக எடுத்துக்கொண்டார்கள். நீண்டு நிற்கும் சுரத்தை வளைக்கலாம், அதிர வைக்கலாம், மனிதக் குரலைப்போல் அழவைக்கலாம் என்பதைக் கண்டுகொண்டார்கள்.

இந்தப் பதிவுகள் கடல்கடந்து இங்கிலாந்துக்குப் போயின. மட்டி வாட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ஒரு பாடலின் பெயரிலிருந்தே ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்ற ஆங்கிலேய ராக் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. 1966இல் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் குழுவோடு வாசித்த ஆல்பமும், அதே ஆண்டில் தொடங்கிய ‘க்ரீம்’ குழுவும், அடுத்த ஆண்டு வெளிவந்த ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் முதல் ஆல்பமும் ப்ளூஸின் சுரங்களையும் உரையாடலையும் வைத்துக்கொண்டு, ஒலியின் அளவையும் தனிவாசிப்பின் நீளத்தையும் பெருக்கின. ப்ளூஸ்-ராக் என்பது சுருக்கமாக இவ்வளவுதான்: ப்ளூஸின் மொழி, ராக் இசையின் உரத்த குரல். பின்னர் 1983இல் டெக்சஸைச் சேர்ந்த ஸ்டீவி ரே வான் தம் முதல் ஆல்பத்தோடு வந்து இந்த மரபுக்குப் புதிய ஊட்டம் தந்தார்.

இந்த வரலாற்றில் ஒரு நெருடல் உண்டு. கறுப்பினத் தொழிலாளிகளின் இசை, வெள்ளை இளைஞர்களின் கையில் போய்ப் பெரும்பணம் ஈட்டியது. அதை உருவாக்கியவர்களில் பலர் அரங்கத்தின் ஓரத்தில் நின்றார்கள். கறுப்பின இளைஞர்கள் இதற்கிடையில் சோல், ஃபங்க், பிறகு ஹிப்-ஹாப் என்று வேறு இசைவகைகளுக்குச் சென்றுவிட்டார்கள். கிங்ஃபிஷ் பிறந்த காலத்தில், டெல்டாவின் ஒரு கறுப்பினச் சிறுவன் ப்ளூஸ் கிதார் வாசிப்பதே அரிதாகிவிட்டிருந்தது. அவருடைய பள்ளித் தோழர்கள் கேட்டது ராப். அவர் வளர்ச்சி கவனத்தை ஈர்த்ததற்கு இந்த அரிதான நிலையும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பள்ளி விட்டபின் அருங்காட்சியகம்

கிளார்க்ஸ்டேல் இன்று சுமார் 15,000 பேர் வாழும் ஊர். பாடகர் சாம் குக் பிறந்ததும் இசைக்கலைஞர் ஐக் டர்னர் வளர்ந்ததும் இங்கேதான். ஊரில் 61, 49 எண்ணுள்ள நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் நீலநிறக் கிதார்களை உயரத்தில் பொருத்திய ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் ஒரு நள்ளிரவில் குறுக்குச்சாலையில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று கிதார் வித்தையைப் பெற்றார் என்ற கதையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நினைவூட்டுவதற்காக அது அங்கே நிற்கிறது. சுவையான கதைதான். ஆனால் உண்மை இதைவிடப் பயனுள்ளது. சுமாராக வாசித்துக்கொண்டிருந்த ஜான்சன் சிறிது காலம் ஊரை விட்டு மறைந்து, திரும்பி வந்தபோது எல்லோரையும் வியக்க வைத்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் ஐக் ஸிமர்மன் என்ற மூத்த கலைஞரிடம் தங்கிக் கற்றார் என்பதையும், யாருக்கும் தொந்தரவில்லாத இடம் என்பதால் இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் அமர்ந்து பயிற்சி செய்தார்கள் என்பதையும் ஸிமர்மனின் குடும்பத்தாரும் ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். குருவிடம் கற்றவனைச் சாத்தானிடம் கற்றவனாக்கிவிடுவது ஊர்வாய்க்கு எப்போதும் வசதி.

கிங்ஃபிஷ்ஷின் தாய்வழிக் குடும்பத்தில் தேவாலய இசை ஊறியிருந்தது. தாயார் பிரின்சஸ் பிரைட் இங்ரம், ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க இசைவகையில் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடின் நெருங்கிய உறவினர். பிள்ளை முதலில் கேட்டது தேவாலயத்தின் ட்ரம்ஸும் பாடல்களும்தான். ஐந்து வயது வாக்கில் தந்தை அவருக்கு மட்டி வாட்டர்ஸைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தைக் காட்டினார். அந்தப் படத்தில் வந்த மனிதர் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர் என்பதும், அவருடைய குடிசையின் மரச்சுவர்கள் ஊர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன என்பதும், தொலைக்காட்சியில் யாரையோ பார்த்து ரசிக்கும் மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு.

அந்த அருங்காட்சியகம் 1979இல் ஊர்ப் பொது நூலகத்தின் நிர்வாகத்தால் தொடங்கப்பட்டது. 1999 முதல் பழைய சரக்கு ரயில் நிலையக் கட்டடத்தில் இயங்குகிறது. அதன் பெயர் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம். பழம்பொருள்களைக் கண்ணாடிக்குள் வைப்பதோடு நிற்காமல், பள்ளி விட்டபின் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இசை கற்றுத்தரும் வகுப்புகளையும் அது நடத்தி வருகிறது. என்னைக் கேட்டால், குடிசையைக் காப்பாற்றியதைவிட இந்த வகுப்புகளைத் தொடங்கியதே அந்த நிறுவனம் செய்த பெரிய காரியம். எட்டு வயதில் கிங்ஃபிஷ் அதில் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள், பில் ‘ஹவ்லின் மேட்’ பெரி, ரிச்சர்ட் ‘டாடி ரிச்’ கிரிஸ்மன் ஆகிய இருவர். இருவரும் மேடையில் வாசித்துப் பிழைத்தவர்கள். ‘கிங்ஃபிஷ்’ என்ற பெயரும் பெரி வைத்ததே. பழைய ஒரு வானொலி, தொலைக்காட்சித் தொடரில் அந்தப் பெயரில் ஒரு பாத்திரம் உண்டு. பையனைப் பார்த்ததும் ஆசிரியருக்கு அந்த நினைவு வந்திருக்கிறது. கறுப்பினத்தவரைக் கேலிப்படுத்தியது என்று பெரிதும் கண்டிக்கப்பட்ட தொடர் அது. மாணவரோ அந்தப் பெயரையே தம் முதல் ஆல்பத்துக்கும் வைத்துக்கொண்டார்.

இவர் நேரடியாகக் கிதாருக்கு வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆறு வயதில் ட்ரம்ஸ், பிறகு கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதார், பதினொரு வயதில்தான் கிதார். ட்ரம்ஸ் வாசித்தவனுக்குத் தாளம் உடம்பில் ஏறியிருக்கும். பேஸ் வாசித்தவன் கார்ட் எந்த இடத்தில் மாறுகிறது என்பதை எண்ணிப் பார்க்காமலே அறிவான், ஏனெனில் அந்த மாற்றத்தை அறிவிப்பதே அவன் வேலை. இந்த இரண்டும் கைவந்த பிறகு கிதாரை எடுப்பவர், பின்னணிக் கலைஞர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். அவர்கள் விட்டுவைத்த இடைவெளியில் தன் வாக்கியத்தைப் பொருத்துவார். கிங்ஃபிஷ்ஷின் தனிவாசிப்பைக் கவனித்தால், அவர் எவ்வளவு வேகமாகப் போனாலும் வாக்கியம் ஒரு கார்ட் மாறும் நொடியில் சரியாக வந்து இறங்குவதைக் காணலாம். வீட்டில் இணையக் காணொளிகளைப் பார்த்துத் தனியாகக் கற்கும் பல திறமைசாலிகளிடம் இல்லாதது இதுதான். அவர்களுக்கு விரல்கள் உண்டு, இறங்குமிடம் தெரியாது.

கற்றதை வாசித்துப் பார்க்க மேடையும் பக்கத்திலேயே இருந்தது. ‘ஜூக் ஜாயின்ட்’ எனப்படும் சிறு இசைக்கூடங்கள் டெல்டாவின் பழைய வழக்கம். வேலை முடித்தவர்கள் குடிக்கவும் ஆடவும் கூடும் எளிய இடங்கள் அவை. ரெட்ஸ் லவுஞ்ச் கிளார்க்ஸ்டேலில் அவ்வகையில் பெயர்பெற்றது. நடிகர் மார்கன் ஃப்ரீமேனைப் பங்குதாரராகக் கொண்டு 2001இல் தொடங்கப்பட்ட கிரவுண்ட் ஸீரோ என்ற இசைக்கூடமும் ஊரில் உண்டு. இத்தகைய இடங்களில் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மேடையேற வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கேட்பவர்கள் கைகட்டி அமர்ந்து ரசிப்பதில்லை. பேசுவார்கள், ஆடுவார்கள், பிடிக்காவிட்டால் வெளியே போய்விடுவார்கள். மெல்ல வாசித்து ஒரு கூட்டத்தை அமைதியாக்குவது எப்படி, எப்போது உச்சத்துக்கு ஏற்றுவது, ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது தாளத்தைக் கெடுக்காமல் பாடலை நீட்டுவது எப்படி என்பவை வகுப்பறைப் பாடங்கள் அல்ல. பின்னாளில் பெரிய அரங்குகளில் அவர் கிதாரோடு மேடையிலிருந்து இறங்கி, மக்களுக்கு நடுவில் நடந்துகொண்டே வாசிப்பதைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இரண்டடி இடைவெளிகூட இல்லாத இடத்தில் வளர்ந்தவருக்கு அது இயல்பு.

பழைய ப்ளூஸ் மட்டுமே அவருடைய பாடம் என்று கருதிவிடக் கூடாது. ராபர்ட் ஜான்சன், மட்டி வாட்டர்ஸ், பி. பி. கிங் ஆகியோரோடு ஜிமி ஹென்ட்ரிக்ஸ், பிரின்ஸ், எரிக் கேல்ஸ் ஆகியோரையும் அவர் தம் முன்னோடிகளாகச் சொல்கிறார். டெல்டாவிலிருந்து கிளம்பி, சிகாகோவில் மின்சாரம் ஏறி, இங்கிலாந்தைச் சுற்றி வந்த இசை முழுவதையும் அவர் ஒரே மூச்சில் கேட்டு வளர்ந்தார். அதனால்தான் இவரை வெறும் ப்ளூஸ் கலைஞர் என்பதைவிட ப்ளூஸ்-ராக் கலைஞர் என்று சொல்வது பொருந்துகிறது.

மேலே வந்த வழி

2014 நவம்பரில் அருங்காட்சியகத்தின் இசை வகுப்புத் திட்டத்துக்குத் தேசிய அளவிலான ஒரு விருது கிடைத்தது. அதையொட்டி மாணவர் குழு வெள்ளை மாளிகையில் மிஷல் ஒபாமாவின் முன்னிலையில் வாசித்தது. குழுவில் இருந்த கிங்ஃபிஷ்ஷுக்கு அப்போது 15 வயது. இதே காலத்தில் அவர் வாசிக்கும் காணொளிகள் இணையத்தில் பரவின. சிறு வயதிலேயே முதியவரின் நிதானத்தோடு வாசிக்கும் ஒரு பையனைக் கண்டு உலகெங்கும் கிதார் பிரியர்கள் பகிர்ந்துகொண்டார்கள். 2018இல் ‘லூக் கேஜ்’ என்ற தொலைக்காட்சித் தொடரிலும் அவர் தோன்றி வாசித்தார்.

இந்தக் கட்டத்தில் பல இளம் கலைஞர்கள் தேங்கிவிடுகிறார்கள். ‘சின்னப் பையன் என்னமாய் வாசிக்கிறான்’ என்ற வியப்பு, பையன் சின்னவனாக இருக்கும் வரைதான். பிறகு சொந்தப் பாடல்கள் வேண்டும், சொந்தக் குரல் வேண்டும், அவற்றைப் பதிவு செய்து வெளியிட ஒரு நிறுவனம் வேண்டும். கிங்ஃபிஷ்ஷுக்கு வாய்த்தது சிகாகோவின் அலிகேட்டர் ரெகார்ட்ஸ். ஹவுண்ட் டாக் டெய்லர் என்ற ப்ளூஸ் கலைஞரின் ஆல்பத்தை வெளியிடுவதற்காகவே 1971இல் ப்ரூஸ் இக்லௌர் தொடங்கிய நிறுவனம் அது. இன்றுவரை ப்ளூஸையே தொழிலாகக் கொண்டது. டாம் ஹாம்பிரிட்ஜ் தயாரிப்பாளரானார். ட்ரம்ஸ் வாசிப்பவரும் பாடலாசிரியருமான ஹாம்பிரிட்ஜ், ‘படி கை’ என்ற மூத்த கிதார் கலைஞரின் ஆல்பங்களைத் தயாரித்தவர். கிங்ஃபிஷ்ஷோடு சேர்ந்து பாடல்களையும் எழுதினார்.

2019 மே மாதம் வெளிவந்த ‘கிங்ஃபிஷ்’ ஆல்பத்தில், 1936இல் பிறந்த படி கை ஒரு பாடலில் இளைஞரோடு சேர்ந்து பாடி வாசிக்கிறார். கெப் மோ என்ற ப்ளூஸ் கலைஞர் வேறு சில பாடல்களில் பங்கேற்கிறார். ப்ளூஸில் இத்தகைய இணைவாசிப்பு விளம்பரத்துக்காக மட்டும் நடப்பதன்று. ‘இவன் எங்கள் ஆள்’ என்று மூத்தவர் ஊரறியச் சொல்வதும் ஆகும். ஆல்பம் கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டது, விருது கிடைக்கவில்லை. ஆனால் மெம்ஃபிஸில் இயங்கும் ப்ளூஸ் அறக்கட்டளையின் 2020ஆம் ஆண்டு விருதுகளில் ஐந்து இவருக்கே வந்தன.

கிராமிப் பரிந்துரை அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், 2019 டிசம்பரில், அவருடைய தாயார் காலமானார். மகனை நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் சென்றதும், தொடக்க காலத்தில் வாய்ப்புகளைத் தேடிக் கொடுத்ததும் பெரும்பாலும் அவர்தான். அடுத்த ஆல்பத்தில் தாயாருக்காக எழுதிய ஒரு பாடல் இடம்பெற்றது. 2021 ஜூலையில் வெளிவந்த அந்த ஆல்பத்தின் பெயர் ‘662’. வட மிசிசிப்பியின் தொலைபேசிப் பகுதி எண் அது. உலகம் சுற்றத் தொடங்கிய ஒருவர் தம் ஆல்பத்துக்கு ஊரின் எண்ணையே வைத்தது, தாம் எங்கிருந்து வருகிறோம் என்பதில் ஐயம் வேண்டாம் என்பதற்காக இருக்கலாம். இந்த ஆல்பம் 2022 ஏப்ரலில் சிறந்த தற்கால ப்ளூஸ் ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. அதே ஆண்டில் கிதார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் அவர் பெயரில் ஊதாநிற டெலிகாஸ்டர் வகைக் கிதார் ஒன்றை வெளியிட்டது. 2023இல் லண்டனில் பதிவான மேடை ஆல்பம் வந்தது. 2025இல் அவர் ரெட் ஸீரோ என்ற சொந்தப் பதிவு நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த ஆல்பத்தை அதிலிருந்தே வெளியிட்டார். தாங்கள் உருவாக்கிய பாடல்களின் உரிமையைப் பிறரிடம் இழந்த ப்ளூஸ் கலைஞர்களின் நீண்ட பட்டியலை அறிந்தவர்கள், விருதைவிட இதைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்வார்கள்.

கிங்ஃபிஷ்ஷின் கதை விதிவிலக்கானதா என்று பார்க்க, இதே துறையில் இளமையிலேயே பெயர்பெற்ற சிலரை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதில் பி. பி. கிங்கின் நிகழ்ச்சிக்கு முன்வாசிப்பு வழங்கிய ஜோ பானமாசாவின் தந்தை கிதார்க் கடை வைத்திருந்தார். கென்னி வெய்ன் ஷெப்பர்டின் தந்தை வானொலித் துறையில் இருந்ததால், ஏழு வயதிலேயே ஸ்டீவி ரே வானை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது. டெரெக் டிரக்ஸின் தந்தையுடைய சகோதரர், ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். கேரி கிளார்க் ஜூனியருக்கு ஆஸ்டின் நகரின் ஆன்டோன்ஸ் என்ற இசைக்கூடம் இருந்தது. கடை, வானொலி, உறவு, கூடம் என்று ஏதோ ஒன்று எல்லோருக்கும் பின்னால் நிற்கிறது. கிங்ஃபிஷ்ஷுக்குக் கிடைத்ததில் ஒரே வேறுபாடு, அது அவர் குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல் ஊர்ப்பிள்ளைகள் யாருக்கும் திறந்திருந்தது என்பதே.

இந்த இசையைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர், முதலில் மட்டி வாட்டர்ஸின் 1941ஆம் ஆண்டு ஸ்டோவல் பதிவுகளைக் கேட்கலாம். குரலும் ஒற்றைக் கிதாரும் எவ்வாறு ஒன்றுக்கொன்று விடை சொல்கின்றன என்பது எந்த மறைப்பும் இல்லாமல் தெரியும். அடுத்து அவருடைய 1950களின் சிகாகோ பதிவுகள். பிறகு ஹென்ட்ரிக்ஸுக்குப் போய்விட்டு, கிங்ஃபிஷ்ஷின் முதல் ஆல்பத்துக்கு வரலாம். அதன் தொடக்கப் பாடலில் ராக் இசையின் உரத்த குரல் முன்னால் நிற்கும். நடுவில் மரக்கிதாரோடு அமைந்த ஒரு பாடலில் டெல்டாவின் பழைய ஒலி கேட்கும். படி கையோடு சேர்ந்து பாடும் பாடலை இரண்டு முறை கேட்பது நல்லது. முதல் முறை குரல்களை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை, ஒருவர் பாடி நிறுத்தும் இடங்களில் எந்தக் கிதார் பதில் சொல்கிறது, அது இளையவருடையதா மூத்தவருடையதா என்று பிரித்தறிய முயலுங்கள்.